ராத்தாவை வெட்டியெடுத்த நாட்கள்

கல்முனையில் நான் வேலை செய்த ஸ்டூடியோவில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. அதில் இருந்த ஒரே யன்னலையும் முதலாளி பலகை அடித்து மூடி, உள்ளே கறுப்புத் துணி தொங்கவிட்டிருந்தார். கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள். என் உம்மாகூட என்னை அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததில்லை.

காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் ஆண்கள் பக்கத்துக்கு ஒரு கசெட், பெண்கள் பக்கத்துக்கு ஒரு கசெட். ஆண்கள் பக்கத்தை முதலாளி எடுப்பார். பெண்கள் பக்கத்தை அவருடைய மனைவி எடுப்பா. முக்காடு விலகி, கையில் மருதோண்டியோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் பெண்களை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்பதால், அந்தக் கசெட்டை வெட்டி ஒட்டுவதற்கும் ஒரு பெண் வேண்டியிருந்தது. கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோன பிறகு, முகாமில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்த வந்தவர்களிடம் நான் பிடித்துக்கொண்ட வித்தை என்னை அந்த அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. காலையில் உள்ளே போனால் பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் வெளியே வருவேன். பகலில் மழை பெய்ததா என்று வீட்டில் கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த நாட்களில் மணப்பெண்ணின் மேல் பூ விழாவிட்டால் அது கலியாண வீடியோவே இல்லை. பூ விழும், ஒளி மின்னும், வண்ணத்துப்பூச்சி பறக்கும். எல்லாம் கொழும்பிலிருந்து சீடியில் வரும். பார்ப்பவர்களுக்கு அது வீடியோ. உண்மையில் அது ஒரு ஃபோல்டர் நிறைய வரிசை இலக்கம் போட்ட தனித்தனிப் படங்கள், ஒரு செக்கனுக்கு இருபத்தைந்து. ஒவ்வொன்றிலும் பூ மட்டும் இருக்கும். பூ இல்லாத இடத்தில் வெள்ளையும் இருக்காது, கறுப்பும் இருக்காது, ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைக் கண்ணுக்குக் காட்டுவதற்காகக் கொம்பியூட்டர் அங்கே சாம்பலும் வெள்ளையுமாகச் சின்னச் சதுரங்கள் போட்டு வைக்கும். முதல் படத்தைத் தொட்டு, இலக்க வரிசையாக எடு என்ற இடத்தில் சரி போட்டால் அத்தனையும் ஒரே துண்டாக வந்து சேரும். மறந்துவிட்டால் ஒரே ஒரு பூ வந்து அந்தரத்தில் நிற்கும். இடையில் ஓர் இலக்கம் தவறியிருந்தால் வரிசை அந்த இடத்தில் அறுந்துபோகும். நான் இதில் கெட்டிக்காரி. பெருமைக்குச் சொல்லவில்லை, அந்த வயதில் என்னிடம் வேறு கெட்டித்தனம் இருக்கவில்லை.

வீட்டு விசயத்தில் என் பாச்சா பலிக்கவில்லை. கடல் வந்த அன்று நான் சம்மாந்துறையில் மாமி வீட்டில் இருந்தேன். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டிலிருந்து உம்மா, என் மூத்தவளான ராத்தாவின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடினா. ராத்தா பின்னால் வந்தா. பள்ளிவாசல் மாடியில் ஏறி நின்று உம்மா திரும்பிப் பார்த்தபோது பின்னால் ராத்தா இல்லை. பிள்ளைக்கு அப்போது பல்கூட முளைத்திருக்கவில்லை. வாப்பா அதற்கு முன்பே மௌத்தாகிவிட்டார். கரையோரத்தில் இனி வீடு கட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தகரக் கொட்டிலில் வெந்து கிடந்துவிட்டு, கடைசியில் உள்ளே தள்ளி ஒரு புது வீடு கிடைத்தது.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குரியது. உம்மாவின் வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். வீடு கொடுக்க வந்தவர்களுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. குடும்பத் தலைவர் யார் என்று கேட்டார்கள். ராத்தாவின் மாப்பிள்ளையான என் மச்சானின் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மச்சான் தங்கமான மனிதர். கட்டாரில் வேலை செய்துகொண்டு பிள்ளையின் செலவை ஒரு மாதமும் தவறவிடாமல் பார்த்தார். ஆனால் அந்த வயதில் ஓர் ஆம்பிளை எத்தனை காலம் தனியே இருப்பார்? அவர் வேறு இடத்தில் கலியாணம் முடித்தால் அந்தப் பெண்ணின் வீட்டோடு போய்விடுவார். பிறகு எங்களுக்கு வீடும் நிச்சயமில்லை, பிள்ளைக்கு வாப்பாவும் நிச்சயமில்லை. இதற்கு உம்மாவிடம் ஒரு மருந்து இருந்தது. அந்த மருந்து நான்.

ராத்தா இல்லையென்றால் தங்கச்சி. ஊரில் பல வீடுகளில் அப்படி நடந்தது. மார்க்கத்தில் தடையில்லை, யாரும் தப்பாகப் பார்க்கவும் இல்லை. எனக்கு மட்டும்தான் மூச்சு முட்டியது. ராத்தா உயிரோடு இருந்தபோது அவ சட்டையை நான் தொட்டால் வீடு இரண்டாகும். இப்போது அவவின் மாப்பிள்ளையையே தூக்கி என் கையில் தருகிறார்கள். மச்சானை எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஒருவர் எழும்பிப் போன கதிரையில் அந்தச் சூடு ஆறுமுன் போய் உட்காருவது போல் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சூட்டை யாரிடமும் சொல்லி விளங்க வைக்க முடியவில்லை.

சண்டை முடிந்த வருடம் வந்தது. வெடி கொளுத்தினார்கள், வாசல்களில் கொடி கட்டச் சொன்னார்கள். இனி எல்லாப் பாதையும் திறக்கும், எங்கேயும் போகலாம் என்று சனங்கள் கதைத்தார்கள். சோதனைச்சாவடி இருந்த இடத்திலேயே இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபடி ஏறுவதும் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் சண்டை முடிந்ததற்கு இருந்த ஒரே அர்த்தம், மச்சான் லீவில் வருவார் என்பதுதான்.

“சண்டையும் முடிஞ்சிட்டு. நோன்புக்கு முதல் மச்சான் வாறார். இனி என்ன சாட்டு இரிக்கி உனக்கு?” என்று உம்மா கேட்டா.

“எனக்கு ஏலா உம்மா.”

“ஏலா எண்டா? புள்ள உன்னத்தானே உம்மா எண்டு கூப்பிடுது. அதுக்கு மேல ஆருக்கிட்டப் போய்க் கேக்கச் சொல்றா?”

இந்த ஒன்றில்தான் உம்மா என்னை மடக்குவா. மற்ற எல்லாவற்றுக்கும் வாய்க்கு வாய் கதைத்துவிடுவேன். பிள்ளை என்னை உம்மா என்றுதான் கூப்பிட்டாள். “நான் உம்மாட தங்கச்சி, சாச்சி எண்டு சொல்லு மகள்” என்று எத்தனையோ தரம் திருத்தியிருக்கிறேன். “சரி உம்மா” என்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பெற்றவளின் முகத்தை அவள் கண்டதில்லை. எங்கள் போட்டோக்கள் வீட்டோடு போயின. ராத்தாவின் அடையாள அட்டை ராத்தாவோடு போனது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பிள்ளைக்கு அவளுடைய சொந்த உம்மாவைக் காட்டிவிட வேண்டும். அசைகிற, சிரிக்கிற, பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற உம்மா. கண்டுவிட்டாள் என்றால் அன்றோடு நான் சாச்சி. நான் சாச்சியாகிவிட்டால் என் உம்மா எந்த வாயால் கேட்பா?

சம்மாந்துறைக்குக் கடல் வரவில்லை. அங்கே மாமியின் மகளுடைய கலியாணக் கசெட் அலுமாரிக்குள் சாரிகளுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது. அந்தக் கலியாணத்துக்கு ராத்தா போயிருந்தா. கசெட்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மாவடிப்பள்ளியைத் தாண்டி வந்ததும் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். பையைத் திறந்து பார்த்தவன் கசெட்டை எடுத்துப் புரட்டினான். என்ன இது என்றான். கலியாணம் என்றேன். யாருடைய கலியாணம் என்றான். போட்டுப் பார்க்கப் போகிறானோ என்று பயந்தேன். அது பெண்கள் பக்கத்துக் கசெட், அதில் என் ராத்தா தலை திறந்து சிரித்துக்கொண்டிருப்பாவே என்பதுதான் பயம். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். பஸ் முழுக்க என்னால் காத்துக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கசெட்டை ஓடவிட்டேன். மணப்பெண் இருக்கிறாள், பெண்கள் போகிறார்கள், வருகிறார்கள். நடுவில் ராத்தா இடது பக்கத்திலிருந்து வருகிறா. குனிந்து யாரிடமோ ஏதோ கேட்கிறா. நிமிர்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறா. அவ்வளவுதான். அன்று அந்த அறையின் யன்னலை அடைத்திருந்தது எனக்கு நல்லதாய்ப் போயிற்று. வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்தச் சில செக்கன்களைப் படம் படமாகப் பிரித்தேன். ஒவ்வொரு படத்திலும் ராத்தாவைச் சுற்றிக் கோடு இழுத்து, அவ தவிர்ந்த எல்லாவற்றையும் அழிக்க வேண்டும். மணப்பெண்ணை, கதிரையை, மஞ்சள் சுவரை. முதலாளி நடுப்பகலில் லுஹருக்குப் பள்ளிக்குப் போகும் நேரத்திலும், வேலை குறைந்த பொழுதுகளிலும் செய்தேன். கரண்ட் போனால் அன்றைய பாடு அதோடு சரி. முகம் லேசு. முடி கஷ்டம். முக்காடு அதைவிடக் கஷ்டம். மெல்லிய வொயில் துணி, அதனூடாகப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. அப்படியே விட்டால் சுவரும் கூடவே வருகிறது, அழித்தால் முக்காடே இல்லாமல் போகிறது. பாதி இருக்கவும் வேண்டும், பாதி இல்லாமல் போகவும் வேண்டும். எவ்வளவு பாடுபட்டும் சம்மாந்துறைச் சுவரின் மஞ்சள் கொஞ்சம் அவவோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அந்த நாட்களில் நான் யாரோடும் அதிகம் கதைக்கவில்லை. வீட்டில் தட்டில் கை வைத்தாலும் சோற்றைச் சுற்றிக் கோடு இழுக்கத்தான் கண் போனது.

வரிசை முடிந்து எடிட்டிங்குக்குள் எடுத்தபோது ஒரு காரியம் நடந்தது. வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தைக் கொம்பியூட்டர் கறுப்பு என்று எடுத்துக்கொண்டது. ராத்தாவைச் சுற்றி ஒரே கறுப்பு. அதற்குள்ளிருந்து அவ முகமும் ஒரு தோளும் மட்டும் மேலே வந்தன. கடல் வந்த அன்று தண்ணி கறுப்பாக இருந்தது என்று உம்மா சொல்வா. நான் திரையை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். “என்ன புள்ள, முகம் ஒரு மாதிரியா இரிக்கி?” என்று முதலாளியின் மனைவி கேட்டா. தலையிடி என்றேன்.

பூ விழும் படங்களில் அதை எத்தனையோ தரம் சரிசெய்தவள் நான். இந்தப் படத்துக்குள் வெறுமையும் இருக்கிறது, அதையும் சேர்த்துப் படி என்று கொம்பியூட்டருக்கு ஓரிடத்தில் சொல்லிவிட்டால் போதும். மறுநாள் சொன்னேன், கறுப்பு விலகியது. முக்காட்டின் ஓரத்தில் மட்டும் நூல் மாதிரி மெல்லிய கறுப்பு மிஞ்சியது. ஓரத்துக் கறுப்பைக் கழி என்று இன்னோர் இடத்தில் சரி போட்டேன், அதுவும் போனது. ஒரு திரையில் ராத்தா தனியே நின்று, சின்னச் சதுரங்களைப் பார்த்துச் சிரித்தா.

முதலாளியின் மனைவியிடம் விசயத்தைச் சொல்லி, பிள்ளையைக் கூட்டிவந்து ஒரு கதிரையில் இருத்தி எடுத்தோம். “அந்தப் பக்கம் பாத்துச் சிரி மகள்” என்றேன். ஆளில்லாத பக்கத்தைப் பார்த்து அவள் அழகாகச் சிரித்தாள். அந்த இடத்தில் ராத்தாவைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் கண்டேன், ராத்தாவுக்கு வலது கை இல்லை. கசெட்டில் ஒரு பருத்த பெண் முன்னால் இருந்து மறைத்திருந்தா. அவவை நான் அழித்தபோது ராத்தாவின் கையும் சேர்ந்து போயிருந்தது. பிள்ளை இருந்த பக்கத்தில், தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. யாரென்று தெரியாத அந்தப் பெண்ணை நான் திட்டாத திட்டில்லை. கையில்லாத உம்மாவைக் கண்டால் பிள்ளை பயந்து அலறுவாள்.

“உன்ட கைய வச்சா என்ன? ஒரு வயித்துப் புள்ளையள்தானே,” என்றா முதலாளியின் மனைவி.

ராத்தாவின் சாரி நிறத்தில் அவவிடம் ஒரு சாரி இருந்தது, அதைச் சுற்றிக்கொண்டேன். ராத்தாவின் மறு கையில், விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் மருதோண்டி சிவந்திருந்தது. இரண்டு கையும் ஒத்துப்போக வேண்டுமே. ஸ்டூடியோவின் பின்வளவில் நின்ற மரத்தில் இலை பறித்து, அரைத்து, என் வலது கையில் வைத்துக் கட்டிக்கொண்டு பகல் முழுக்க இடது கையால் வேலை செய்தேன். நன்றாகச் சிவந்தது. மறுநாள் கதிரையின் முதுகில் கை வைத்து, குனிந்து நிமிர்ந்தேன், முதலாளியின் மனைவி என்னைப் படமெடுத்தா. அதையும் படம் படமாகப் பிரித்து என்னை அழித்தேன். என் முகம், கழுத்து, மறு தோள், முதுகு. கை மட்டும் மிஞ்சியது. அதை ராத்தாவின் தோளில் பொருத்தினேன். ஒட்டிய பூட்டு எங்கே என்று எனக்கே தெரியாத அளவுக்கு வாய்த்தது. சந்தோசத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

மருதோண்டி எனக்கு வெறும் நிறம். அது எனக்கு மட்டும்தான் அப்படி என்பதை நான் யோசிக்கவில்லை. ராத்தா போன பிறகு பெருநாளுக்குக்கூட நான் கையில் வைத்ததில்லை. மை பட்டது என்று சொல்லிச் சீலைத் துண்டால் சுற்றி அதுவரை சமாளித்தேன். அன்று சோற்றுக்குத் தட்டை நீட்டும்போது மறந்துபோனேன். உம்மாவின் அகப்பை அப்படியே நின்றது. என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தா.

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றா.

“உம்மா, இது வேலைக்கு வச்ச.”

“ஓம் மகள், என்னத்துக்கு வச்சாலும் வச்சதுதானே.”

எங்கள் வீடுகளில் பெண் வாய் திறந்து சம்மதம் சொல்வது வழக்கமில்லை. சொல்லவும் விடமாட்டார்கள். இப்படி எதையாவது பார்த்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். நான் தட்டை வைத்துவிட்டு எழும்புவதற்குள் உம்மா கட்டாருக்குக் கோல் எடுத்துவிட்டா. “மருமகன், அவ மருதோண்டி வச்சிட்டா,” என்றா. அந்தப் பக்கத்தில் மச்சான் என்ன சொன்னாரோ தெரியாது. உம்மா அழுதுகொண்டே சிரித்தா. கடல் வந்த பிறகு உம்மா பல்லுத் தெரியச் சிரித்ததை அன்றுதான் கண்டேன். அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்றுகொண்டு இல்லை என்று சொல்வது என்னால் முடியாத காரியமாக இருந்தது. கோபம் கோபமாக வந்தது. கையைச் சாம்பல் போட்டு உரஞ்சினேன். தோல்தான் எரிந்தது, நிறம் போகவில்லை.

காலையில் உம்மாவிடம் போய் நின்றேன். “உம்மா, நாளைக்கு நான் புள்ளைக்கு ராத்தாவைக் காட்டப் போறன். வீடியோ செஞ்சிரிக்கன். அதப் பாத்த பிறகும் அவள் என்ன உம்மா எண்டு சொன்னா, நீங்க சொல்றபடி செய்றன். சொல்லாட்டி என்ன விட்டிரணும்.”

“மெய்யா?”

“மெய்தான்.”

“சரி. புள்ள சொல்லட்டும்,” என்றா உம்மா. அவவுக்கும் ராத்தாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது என்பது குரலில் தெரிந்தது.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு டீவியில் போட்டேன். உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிள்ளை பாயில் இருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். திரையில் பிள்ளை கதிரையில் இருந்தாள். ராத்தா இடது பக்கத்திலிருந்து வந்தா. குனிந்து பிள்ளையிடம் ஏதோ கேட்டா. கை வந்து கதிரையின் முதுகில், பிள்ளையின் தோளுக்குப் பக்கத்தில் படிந்தது. பிள்ளை அவவைப் பார்த்துச் சிரித்தாள், அவ நிமிர்ந்து சிரித்தா. உம்மா “யா அல்லாஹ்” என்று நிலையில் சாய்ந்துகொண்டா. செய்தவள் நான், நானே ஒரு கணம் நம்பிவிட்டேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி வைத்திருந்தேன். ராத்தா மறுபடி வந்தா.

“நான்! நான்!” என்று பிள்ளை முதலில் தன்னைக் கண்டு துள்ளினாள்.

“ஓம், நீதான். பக்கத்துல ஆரு மகள்?”

அவள் எழும்பி டீவிக்குக் கிட்டப் போனாள். மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்குக் கிட்ட. அவளுக்குத் தெரிந்த ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது போல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலை நீட்டினாள். முகத்தில் வைக்கவில்லை, கதிரையில் படிந்திருந்த கையில் வைத்தாள். திரும்பி என் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“இது உம்மா,” என்றாள்.

கதவடியில் உம்மா மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. அது என் கை இல்லை என்று எப்படிச் சொல்வேன்? பிள்ளையின் விரல் மெல்ல மெல்ல மேலே போனது. சாரி வழியாக, தோள் வழியாக, நான் கண்ணை நோகடித்து மறைத்த பூட்டைத் தாண்டி, முக்காட்டைத் தாண்டி, ராத்தாவின் சிரிக்கிற வாயில் போய் நின்றது.

“இவங்க ஆரு, உம்மா?” என்று என்னைக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கான பதிலை எத்தனையோ நாளாக வாய்க்குள் வைத்திருந்தேன். அதுதான் உன்ட உம்மா மகள், நான் சாச்சி. இரண்டே வசனம். ராத்தா குனிந்தா, நிமிர்ந்தா, சிரித்தா. பிள்ளை வந்து என் மடியில் ஏறி, என் சிவந்த கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, பதிலுக்காக என் வாயைப் பார்த்தாள்.

“அது என்ட ராத்தா, மகள்,” என்றேன்.